சட்டம் தெரிவது வேறு, யோசனை பெறுவது வேறு

(உழவர்களுக்கான வானொலி நிகழ்ச்சியில் திருச்சி வழக்கறிஞர் ஒருவர் நிகழ்த்திய உரை)



வாழைத் தோட்டத்தில் இலை மஞ்சளாகிறது என்று வைத்துக்கொள்வோம். வேளாண்மை அதிகாரிக்குப் போன் போட்டுக் கேட்கிறீர்கள். "இலை மஞ்சளாவதற்குப் பல காரணம் உண்டு. வாடல் நோயா இருக்கலாம், தண்ணி தேங்கி வேர் அழுகி இருக்கலாம், சத்துக் குறைவாவும் இருக்கலாம்" என்று அவர் சொல்வார். அத்தனையும் உண்மை. ஆனால் உங்கள் தோட்டத்துக்கு என்ன மருந்து என்று அவர் சொல்ல வேண்டுமானால், தோட்டத்துக்கு வந்து ஒரு மரத்தை வெட்டிப் பார்க்க வேண்டும், மண்ணை எடுத்துச் சோதிக்க வேண்டும். பார்க்காமல் மருந்து சொன்னால் காசும் போகும், தோப்பும் போகும்.

நிலம் வாங்குவது, விற்பது, பாகம் பிரிப்பது எல்லாவற்றிலும் இதே கதைதான். "சட்டம் பொதுவாக இப்படிச் சொல்கிறது" என்பது சட்டத் தகவல். "உன் பத்திரத்தைப் பார்த்தேன், உன் விஷயத்தில் நீ இன்னது செய்" என்பது சட்ட ஆலோசனை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாததால் நிலத்தை இழந்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

ஒரு நேயரின் கடிதம்

கொள்ளிடக்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார். "ஐயா, எங்க அப்பா 1998-ல காலமாயிட்டாரு. மூணு ஏக்கர் நஞ்சை. பட்டா எங்க அண்ணன் பேர்ல இருக்கு. எனக்கு ரெண்டு தங்கச்சி, ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிடுச்சு. இப்ப அண்ணன் எங்க யாரையும் கேக்காம நிலத்தை விக்க அச்சாரம் வாங்கிட்டாரு. நான் என்ன செய்யணும்? ரேடியோவுலயே சொல்லிடுங்க" என்று கேட்கிறார்.

அவர் மனசு படும் பாடு புரிகிறது. ஆனால் அவர் கேட்டதை நான் வானொலியில் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதைப் பாருங்கள்.

முதலில் எதைச் சொல்ல முடியும் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா இந்துவாக இருந்து, அந்த நிலம் அவரே சம்பாதித்ததாக இருந்து, உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாயார் உயிரோடு இருந்தால் அவர், இத்தனை பேருக்கும் சம பங்கு. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பதால் பங்கு போகாது. 1956 முதலே இதுதான் சட்டம்.

அதே நிலம் தாத்தா, முப்பாட்டன் வழியில் வந்த பூர்வீக நிலமானால் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குக் கல்யாணம் ஆகாத மகள்களுக்கு மகனைப் போலப் பங்கு கிடைத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் இந்தியா முழுவதற்குமான திருத்தம் வந்து, எல்லா மகள்களையும் சேர்த்துக்கொண்டது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமாகவோ, கோர்ட் டிகிரி மூலமாகவோ முறைப்படி பாகம் பிரிந்திருந்தால் அதைத் திருப்ப முடியாது.

இத்தனையும் தகவல். யாருக்கு வேண்டுமானாலும் இதைச் சொல்லலாம், எல்லோருக்கும் இது ஒன்றுதான். ஆனால் நம்ம நேயர் விஷயத்தில் இதில் எது பொருந்தும்? அது பூர்வீக நிலமா, அப்பா வாங்கியதா? உயில் உண்டா? 2004-க்கு முன்னால் பாகப்பிரிவினை நடந்ததா? அது பதிவானதா, வாய்மொழியா? தங்கைகள் விடுதலைப் பத்திரம் ஏதாவது எழுதிக் கொடுத்தார்களா? அண்ணன் பேரில் பட்டா எப்படி மாறியது? அம்மா இருக்கிறாரா? இதில் ஒரு கேள்விக்குப் பதில் மாறினாலும் முடிவு மாறிவிடும். கடிதத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. அவர் கிறிஸ்தவராகவோ இஸ்லாமியராகவோ இருந்தால் நான் மேலே சொன்ன சட்டமே அவருக்கு இல்லை. அவர்களுக்கு வேறு வாரிசு முறை.

இன்னொன்றையும் கவனியுங்கள். "முதல்ல வக்கீல் நோட்டீஸ் விடுங்க" என்று நான் பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸைப் பார்த்த அண்ணன், மறுநாளே போய்க் கிரையத்தை முடித்துவிட்டால்? ஒருத்தருக்கு நோட்டீஸ் நல்லது. இன்னொருத்தருக்கு நேராகக் கோர்ட்டுக்குப் போய்ப் பாக வழக்குப் போட்டுத் தடை உத்தரவு கேட்பது நல்லது. மூன்றாவது ஆளுக்கு, ஊர்ப் பெரியவர்களை வைத்து அண்ணனோடு உட்கார்ந்து பேசுவதே நல்லது. எது என்பதைக் காகிதத்தைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். அந்த நேயருக்கு நான் சொல்வது இதுதான்: நாள் கடத்தாமல், இந்த வாரமே, கையிலுள்ள காகிதங்களோடு ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். கையில் காசு இல்லையானால் அதற்கும் வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

சரியான பதில், நஷ்டமான நிலம்

"பொய்யான தகவல் கிடைச்சாத்தானே ஆபத்து? சரியான தகவல் கிடைச்சா என்ன குறை?" என்று சிலர் கேட்பார்கள். என் குடும்பத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

நான் சட்டம் படிப்பதற்கு முன்னால், 1991-ல் என் சித்தப்பா அறுபது சென்ட் வாழைக்கொல்லை வாங்கினார். விற்றவர் பேரில் பட்டா இருந்தது. சித்தப்பா ரிஜிஸ்தர் ஆபீஸுக்குப் போய், கடைசி 13 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார். வில்லங்கம் எதுவும் இல்லை என்று சான்று வந்தது. பத்திரம் எழுதி, பதிவும் ஆகி, வாழையும் வைத்தாயிற்று. மூன்றாம் வருஷம் விற்றவரின் அக்கா வந்து நின்றார். அவர் கையில் 1974-ல் பதிவான செட்டில்மெண்ட் பத்திரம். அந்தக் கொல்லையில் பாதியை அவருக்கு அவர் அப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார்.

சான்று கொடுத்தவர்கள் தப்புச் சொல்லவில்லை. சித்தப்பா கேட்ட 13 வருஷத்தில் வில்லங்கம் இல்லைதான். அதோடு, 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் அந்தக் கொல்லைக்குச் சர்வே உட்பிரிவு எண் மாறியிருந்தது. 1974-ஆம் வருஷப் பத்திரம் பழைய எண்ணில் இருந்தது. சித்தப்பா தேடியது புது எண்ணில் மட்டும். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வந்தது. கேட்ட கேள்விதான் போதாது.

"முப்பது வருஷத்துக்குப் போடு, பழைய நம்பரிலும் போடு, விற்கிறவருக்கு அக்கா தங்கச்சி உண்டான்னு ஊர்ல விசாரி, மூலப்பத்திரத்தைக் கண்ணால பார்க்காம அச்சாரம் கொடுக்காதே" என்று யாராவது ஒருத்தர் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்வதுதான் ஆலோசனை. அது கிடைக்காததால், சித்தி கழுத்து நகையை விற்று, அந்த அக்காவுக்கும் ஒரு விலை கொடுத்து, அரை நிலத்தை இரண்டு தடவை வாங்கினார் சித்தப்பா.

இன்றைக்கு வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பட்டா, சிட்டா, அ-பதிவேடு எல்லாம் செல்போனிலேயே தெரிகிறது. நல்ல வசதிதான். ஆனால் வாய்மொழிப் பாகம், பதிவாகாத உயில், தேதி தள்ளிக்கொண்டு போகும் வழக்கு இதெல்லாம் அதில் தெரிந்துவிடாது. கம்ப்யூட்டரில் ஏறாத பழைய காலத்துக்கு ஆபீஸில் மனுப் போட்டுத்தான் தேட வேண்டும். தகவல் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. அதை வைத்து முடிவு செய்யும் வேலை அப்படியேதான் இருக்கிறது.

டீக்கடையில் கேட்கும் மூன்று சட்டங்கள்

நம் ஊர்களில் அடிக்கடி காதில் விழும் மூன்று பேச்சைப் பார்ப்போம். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. அதனால்தான் ஆபத்து.

முதல் பேச்சு: "பட்டா நம்ம பேர்ல இருக்குல்ல, அப்புறம் என்ன?" பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவு. யாரிடம் தீர்வை வசூலிப்பது என்பதற்காக ஏற்பட்டது. அது உரிமைக்கு ஒரு நல்ல சாட்சி. ஆனால் அதுவே உரிமை ஆகிவிடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வருகின்றன. உரிமைத் தகராறு வந்தால் சிவில் கோர்ட்தான் முடிவு செய்யும். பட்டா மட்டும் பார்த்து நிலம் வாங்குவது, கொம்பை மட்டும் பார்த்து மாடு வாங்குவது மாதிரி.

இரண்டாவது பேச்சு: "கவர்ன்மெண்டே பதிஞ்சு கொடுத்துட்டான், இனி யாரு கேக்க முடியும்?" 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் கீழ் சார்பதிவாளர் பத்திரத்தைத்தான் பதிகிறார்; விற்றவருக்கு உரிமை உண்டா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. நம் தமிழ்நாட்டிலிருந்தே போன ஒரு வழக்கில் 2025 ஏப்ரல் 7 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. விற்பவரின் உரிமையை ஆராயும் வேலை சார்பதிவாளருடையது அல்ல என்று கூறி, மூலப்பத்திரம் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்றிருந்த 55-ஏ விதியின் முதல் பகுதியை ரத்து செய்தது. பதிவுக்கு என்னென்ன காட்ட வேண்டும் என்ற விதிகள் அவ்வப்போது மாறும். போகிற அன்றைக்கு என்ன நிலை என்று ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் விதி எப்படி மாறினாலும், உரிமையைச் சரி பார்க்கும் பொறுப்பு வாங்குபவர் தலையில்தான் இருக்கிறது.

மூன்றாவது பேச்சு, நம் பக்கத்துக்கு மிகவும் முக்கியமானது: "பன்னெண்டு வருஷம் அனுபவிச்சா நிலம் நமக்குத்தான்." தனியார் நிலத்தில், சொந்தக்காரருக்கு எதிராக, வெளிப்படையாக, இடைவிடாமல் அனுபவித்தால் 12 வருஷக் கெடு உண்டு. அரசாங்க நிலமானால் அரசு வழக்குப் போட 30 வருஷம். இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு உட்பட்ட கோயில் நிலமானால், கோயில் தன் நிலத்தைக் கேட்டுப் போடும் வழக்குக்குக் காலக்கெடுவே பொருந்தாது என்று அந்தச் சட்டத்தின் 109ஆம் பிரிவு சொல்கிறது. இது தவிர, குத்தகைக்கு இருப்பவர் எத்தனை வருஷம் இருந்தாலும் அது சொந்தக்காரர் சம்மதத்தோடு இருப்பது. எதிர் அனுபவம் ஆகாது. குத்தகைதாரருக்கு வேறு பாதுகாப்பு இருக்கிறது. 1955ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டமும் அவர்களுக்காக வந்தவை. "நிலம் எனக்கே சொந்தம்" என்று வாதாடப் போய், குத்தகைதாரர் என்ற பாதுகாப்பையும் இழந்தவர்கள் உண்டு. டீக்கடைச் சட்டம் கொடுத்த பரிசு அது.

ஸ்ரீரங்கம் சொல்லும் பாடம்

கோயில் நிலம் என்றதும் ஸ்ரீரங்கம் ஞாபகத்துக்கு வருகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள அந்தத் தீவில், ரங்கநாதர் கோயிலின் ஏழு பிராகாரங்களில் வெளிப் பிராகாரங்கள் முழுவதும் வீதிகள், வீடுகள், கடைகள். உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் கையில் பத்திரம் உண்டு, வீட்டு வரி ரசீது உண்டு. ஆனால் அடிமனை யாருடையது என்ற தகராறு அங்கே வெகுகாலமாக நடந்து வருகிறது. அடிமனை கோயிலுடையது என்பது ஒரு பக்கம். எங்கள் பாட்டன் கிரையம் வாங்கியது என்பது இன்னொரு பக்கம். இதனால் பத்திரப்பதிவு நின்றுபோய், மகள் கல்யாணத்துக்கும் வைத்தியச் செலவுக்கும் வீட்டை விற்க முடியாமல் தவித்தவர்கள் பலர். விஷயம் நீதிமன்றம் வரைக்கும் போனது.

இதில் பொதுத் தகவல் சுலபமானது. 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம் 34ஆம் பிரிவின்படி, கோயில் சொத்தை விற்பது, அடமானம் வைப்பது, பரிவர்த்தனை செய்வது, ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடுவது எதற்கும் ஆணையரின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாவிட்டால் செல்லாது. பதிவுச் சட்டத்தில் தமிழ்நாட்டுத் திருத்தமாக வந்து, 2016 முதல் நடப்பிலிருக்கும் 22-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் வரும் கோயில் சொத்துப் பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிய மறுக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் ஒருவர், "அப்போ என் வீடு போச்சு" என்று தலையில் கை வைத்துக்கொள்ளலாம். இன்னொருவர், "என்கிட்டப் பத்திரம் இருக்கு, எனக்கு ஒண்ணும் இல்லை" என்று மார்தட்டலாம். இரண்டு பேரும் அவசரப்படுகிறார்கள். சட்டம் கோயில் சொத்தைப் பற்றிச் சொல்கிறது. இந்த வீட்டின் அடிமனை கோயில் சொத்தா என்பதுதானே கேள்வி? அதற்குப் பழைய இனாம் கணக்கைப் பார்க்க வேண்டும். 1963ஆம் ஆண்டு இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்தபோது ரயத்துவாரிப் பட்டா யாருக்குக் கிடைத்தது, இல்லை அந்த இடம் அந்தச் சட்டத்துக்குள் வரவே இல்லையா என்று பார்க்க வேண்டும். கோயிலுக்குப் பகுதி கட்டிய ரசீது உண்டா, முன்னே நடந்த வழக்கில் என்ன தீர்ப்பு என்று பார்க்க வேண்டும். ஒரே வீதியில், ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு வீட்டுக்கு இரண்டு விடை வரலாம்.

இதே கேள்வி ஸ்ரீரங்கம் வீதியோடு நிற்பதில்லை. திருவானைக்காவல் பக்கம், லால்குடி பக்கம், அந்தநல்லூர் பக்கம் நஞ்சையிலும் கோயில் நிலம், மடத்து நிலம், கட்டளை நிலம் எல்லாம் கலந்து கிடக்கிறது. வாங்கப் போகும் நிலம் அதில் சேருமா என்பதை அச்சாரம் கொடுப்பதற்கு முன்பு கேட்க வேண்டும். கொடுத்த பின்பு கேட்டால் அழுகைதான் மிச்சம்.

யார் எதைச் சொல்லலாம்?

நிலம் வாங்கும்போது நம்மைச் சுற்றிப் பல பேர் நிற்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியது வேறு.

கிராம நிர்வாக அலுவலரிடம் கணக்கில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். சொல்வார். கணக்கில் இருப்பது சரிதானா, வாங்கலாமா என்று கேட்டால் அது அவர் வேலை அல்ல.

சார்பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைக் கட்டணம் எவ்வளவு, வழிகாட்டி மதிப்பு என்ன, என்ன காகிதம் வேண்டும் என்று கேளுங்கள். சொல்வார்கள். பத்திரத்தில் பையன் பேரைப் போடலாமா, மருமகள் பேரைப் போடலாமா என்று அவர்களிடம் கேட்கக் கூடாது.

பத்திர எழுத்தர் பதிவுத்துறையின் உரிமம் பெற்றவர். நீங்கள் சொல்வதை முறையாக எழுதிக் கொடுப்பார். எழுதச் சொன்னதை எழுதுவது அவர் தொழில். எழுதலாமா என்று ஆராய்வது வேறு தொழில். விற்பவருக்கு உரிமை உண்டா என்ற ஆராய்ச்சியை அவர் தலையில் சுமத்தாதீர்கள்.

தரகர் நிலம் இருக்கிற இடத்தைக் காட்டுவார், விலை பேசுவார். கிரையம் முடிந்தால்தான் அவருக்குக் காசு. "கிளியர் டைட்டில்ணே, நான் இருக்கேன்" என்று அவர் சொன்னால், சிரித்துக்கொண்டு கேளுங்கள். அதை நம்பி அச்சாரம் எடுக்காதீர்கள்.

இன்னொரு ஏமாற்றம் பாங்கு விஷயத்தில். "பாங்க்காரனே லோன் கொடுக்குறான், அவன் வக்கீல் பார்த்து லீகல் கொடுத்துட்டார்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அந்தக் கருத்துரை பாங்கின் கடன் திரும்பி வருமா என்பதற்காக, பாங்குக்குக் கொடுத்தது. உங்கள் பாதுகாப்புக்கு எழுதியது அல்ல. அதுபோல, விற்பவரின் வக்கீல் விற்பவருக்குத்தான் வக்கீல்.

வழக்கறிஞர் மட்டும்தான் உங்கள் காகிதத்தைப் பார்த்து ஆலோசனை சொல்லும் உரிமை உள்ளவர். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் அந்தத் தொழிலை வழக்கறிஞர்களுக்கே ஒதுக்கியிருக்கிறது. கோர்ட்டில் நின்று பேசுவது மட்டுமல்ல, சட்டக் கருத்துரை கொடுப்பதும், ஆவணம் தயாரித்துக் கொடுப்பதும் அந்தத் தொழிலில் சேரும் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இது வக்கீல்களின் பிழைப்புக்கு மட்டும் போட்ட வேலி என்று நினைக்காதீர்கள். உங்களுக்கும் இதில் பாதுகாப்பு உண்டு. நீங்கள் சொல்லும் ரகசியத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியே சொல்லக் கூடாது என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. பழைய சட்டத்திலும் அது இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் புதிய சட்டத்திலும் இருக்கிறது. தரகரிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ சொன்னதற்கு அந்தக் காவல் கிடையாது. வக்கீல் தொழிலில் தப்பாக நடந்தால் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். வக்கீல் மீது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; அதனால் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதே நாலு பேரிடம் விசாரித்துக்கொள்வது நல்லது.

யோசனை கேட்கப் போகும்போது

வெறுங்கையோடு போகாதீர்கள். மூலப்பத்திரம், அதற்கு முந்திய பத்திரங்களின் நகல், பட்டா, சிட்டா, அ-பதிவேடு நகல், புலப்படம், முப்பது வருஷத்துக்குக் குறையாத வில்லங்கச் சான்று, தீர்வை ரசீது, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று உள்ளதையெல்லாம் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். பழைய சர்வே எண் தெரிந்தால் ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். குடும்பத்தில் யார் யார், யார் எப்போது காலமானார், யாருக்கு எப்போது கல்யாணம் என்பதை ஒரு தாளில் வம்சாவளியாக எழுதிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மறைக்காதீர்கள். "தங்கச்சிக்கு ஒரு கைச்சீட்டு எழுதிக் கொடுத்தேன், அதைச் சொல்லலாமா வேணாமா" என்று யோசிப்பவர்கள் உண்டு. வைத்தியரிடம் வலிக்கும் இடத்தை மறைத்தால் யாருக்கு நஷ்டம்?

கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அதில் வெட்கம் வேண்டாம். நிலம் வாங்குவதானால் கருத்துரையை எழுத்தில், கையெழுத்தோடு வாங்குங்கள். எந்தெந்தக் காகிதத்தைப் பார்த்து அந்தக் கருத்தைச் சொன்னார் என்பதும் அதில் இருக்க வேண்டும். "வாங்கலாம்" என்று ஒரு வார்த்தையில் முடியாமல், "இன்னின்னதைச் சரி செய்தபின் வாங்கலாம்" என்று வந்தால், அந்த இன்னின்னது முடியும்வரை அச்சாரத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

காசு இல்லாதவர்களுக்கு முன்னே சொன்ன வழி இதுதான். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி இலவசச் சட்ட உதவி உண்டு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், வெள்ளம், வறட்சி போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே கிடைக்கும். மற்றவர்களுக்கு அரசு வகுத்த வருமான வரம்புக்குள் இருந்தால் கிடைக்கும். திருச்சி நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். தாலுக்கா கோர்ட்டுகளிலும் வட்டக் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். அந்த நேயரின் தங்கைகள் இரண்டு பேரும் பெண்கள் என்ற ஒரே காரணத்தால் இந்த உதவிக்குத் தகுதி உள்ளவர்கள். இது அவருக்கு நான் சொல்லக்கூடிய தகவல்.

மனசில் வைக்க ஒரு அடையாளம்

கடைசியாக, இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான அடையாளம் சொல்கிறேன். உங்கள் கேள்வி "சட்டம் என்ன சொல்லுது?" என்று இருந்தால் அது தகவல். வானொலியில் கேளுங்கள், பத்திரிகையில் படியுங்கள், அலுவலகத்தில் கேளுங்கள், பத்துப் பேரிடம் கேளுங்கள். உங்கள் கேள்வி "நான் என்ன செய்யணும்?" என்று திரும்பிவிட்டால், அந்த இடத்தில் நின்றுவிடுங்கள். அது ஆலோசனை. காகிதத்தைப் பார்த்து, உங்கள் பக்கத்தில் நின்று, சொன்னதற்குப் பொறுப்பேற்கும் ஒருவரிடம்தான் அதைக் கேட்க வேண்டும்.

தகவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தகவல் தெரிந்தவரை யாரும் சுலபமாக ஏமாற்ற முடியாது. வக்கீலிடம் போனாலும் சரியான கேள்வி கேட்பார். என் சித்தப்பாவுக்கு வில்லங்கச் சான்று என்பது கேட்ட காலத்தை மட்டும்தான் காட்டும் என்ற ஒரு தகவல் தெரிந்திருந்தால், சித்தியின் நகை கழுத்திலேயே இருந்திருக்கும்.

வக்கீலாகிய நானும் இன்று இவ்வளவு நேரம் பேசியது தகவல்தான். உங்களில் ஒருவருடைய பத்திரத்தையும் நான் பார்க்கவில்லை. அதனால் இதைக் கேட்டுவிட்டு நாளைக் காலையில் யாரும் எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பெட்டியைத் திறந்து உங்கள் பத்திரத்தை எடுத்து, தேதி வரிசையில் அடுக்கி வையுங்கள். முதல் வேலை அதுதான்.